மூன்று மதிப்பீடுகள், மூன்று தொகைகள்: கழிவுநீர்க் குழாய்ப் பழுதுக்கு எவ்வளவு ஆகும்?

வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக் கழிவுநீர்க் குழாய்கள் தொடர்பாக வந்த கடிதங்களில் செலவு பற்றியவை மட்டும் இந்தப் பகுதிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. கூலியும் பொருள் விலையும் இடத்துக்கு இடம் மாறுபவை. ஆகவே தொகைகளைச் சொல்வதைவிட, ஒரு தொகை எப்படி உருவாகிறது, அதில் எந்தப் பகுதியை வீட்டுக்காரர் குறைக்க முடியும் என்பதைச் சொல்வதே பயன்தரும் என்று கருதுகிறோம்.

கேள்வி: எங்கள் குளியலறையில் கழிவுநீர் இறங்காமல் தேங்குகிறது. மூன்று பிளம்பர்களை அழைத்துக் காட்டினோம். ஒருவர் சொன்ன தொகையைப் போல் நான்கு மடங்கை இன்னொருவர் கேட்கிறார். மூன்றாமவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகை சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: மூவருமே நேர்மையானவர்களாக இருக்கலாம். ஒருவர் அடைப்பை எடுத்துவிட்டுப் போவதற்கும், மற்றவர் உடைந்திருப்பதாகத் தாம் நினைக்கும் ஒரு துண்டை மாற்றுவதற்கும், அதிகத் தொகை சொன்னவர் குளியலறையிலிருந்து வெளிச் சேம்பர் (குழாய்கள் வந்து சேரும், மூடியுள்ள சிறு தொட்டி) வரை முழுக் குழாயையும் புதிதாகப் போடுவதற்கும் விலை சொல்லியிருப்பார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வேலைகள் மூன்று. எனவே தொகைகளை ஒப்பிடும் முன், ஒவ்வொருவரும் எங்கிருந்து எங்கு வரை, என்ன செய்யப் போகிறார் என்பதை எழுதி வாங்குங்கள்.

குழாயின் விலை மொத்தச் செலவில் பெரும்பாலும் சிறு பங்குதான். குழாய் இருக்கும் இடத்தைச் சென்றடைவதற்கும், வேலை முடிந்த பிறகு அதன்மேல் இருந்தவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டு வருவதற்கும்தான் பணம் கரைகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள உடைந்த துண்டு தோட்டத்து மண்ணுக்கடியில் ஓரடி ஆழத்தில் இருந்தால், ஒரு பிளம்பரும் ஓர் உதவியாளரும் அதிக நேரமின்றி முடித்துவிடுவார்கள். அதே துண்டு குளியலறைத் தரைக்கடியில் இருந்தால், டைல்ஸையும் அதன்கீழ் உள்ள கான்கிரீட்டையும் உடைக்க வேண்டும். இடிபாட்டை அள்ளி வெளியேற்ற வேண்டும். குழாயை மாற்றியபின் மண்ணை இறுக்கி, மீண்டும் கான்கிரீட் இட்டு, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பூசி, டைல்ஸ் ஒட்ட வேண்டும். பழைய டைல்ஸின் நிறம் இப்போது கடையில் கிடைக்காவிட்டால், நான்கு டைல்ஸுக்காகத் தரை முழுவதையும் மாற்ற நேரும். பிளம்பரின் மதிப்பீட்டில் பல நேரம் விடுபட்டுப்போவது இந்தப் பகுதிதான். கொத்தனார் வேலை தம்முடையதன்று என்று அவர் நினைக்கிறார், எல்லாம் சேர்ந்த தொகை என்று வீட்டுக்காரர் நினைக்கிறார். பின்னால் வரும் சச்சரவுகளில் பெரும்பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

ஆழமும் செலவை எதிர்பாராத அளவுக்கு உயர்த்தும். 10 மீட்டர் நீளத்துக்கு 60 சென்டிமீட்டர் ஆழமும் 45 சென்டிமீட்டர் அகலமுமாகப் பள்ளம் எடுத்தால், வெளியே வரும் மண் 2.7 கன மீட்டர். குழாய் 1.8 மீட்டர் ஆழத்தில் இருந்தால், ஆள் உள்ளே இறங்கி நின்று வேலை செய்ய வேண்டியிருப்பதால் அகலமும் ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் ஆகிவிடும். அப்போது மண் 16.2 கன மீட்டர். ஆழம் மூன்று மடங்கானபோது தோண்டும் மண் ஆறு மடங்காகிறது. அத்துடன் அந்த ஆழத்தில் பள்ளத்தின் பக்கங்கள் சரியாமல் இருக்கப் பலகையும் முட்டும் கொடுத்தாக வேண்டும். ஈரமான தளர்ந்த மண் முன்னறிவிப்பில்லாமல் சரியக்கூடியது. ஒரு மனிதரை மூச்சுவிட முடியாதபடி அழுத்துவதற்கு மார்பளவு மண்ணே போதும். முட்டுக் கொடுப்பதற்கான செலவை மதிப்பீட்டிலிருந்து நீக்கித் தொகையைக் குறைத்துக் காட்டுபவரைத் தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் விஷயத்தில், யாருக்கும் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். குளியலறைக்கு அடுத்து வெளியே உள்ள முதல் சேம்பரின் மூடியைத் திறந்து, வெளியே நின்றபடியே பாருங்கள். உள்ளே தண்ணீர் நின்றுகொண்டிருந்தால் தடை அதற்கு அப்பால் இருக்கிறது. குளியலறைத் தரையை உடைக்கும் பேச்சுக்கே இடமில்லை. செப்டிக் டேங்க் உள்ள வீடாக இருந்தால், அது நிரம்பிவிட்டதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும்; டேங்க் நிரம்பியதைக் குழாய் அடைப்பு என்று கருதிக் குழாயை மாற்றியவர்கள் உண்டு. சேம்பர் வறண்டிருந்தால், தடை குளியலறைக்கும் அந்தச் சேம்பருக்கும் இடைப்பட்ட சில மீட்டருக்குள்தான் இருக்க முடியும். இந்தத் தகவலைச் சொல்லிவிட்டு மூவரிடமும் மீண்டும் விலை கேளுங்கள். தொகைகள் ஒன்றையொன்று நெருங்கி வருவதைக் காண்பீர்கள்.

கேள்வி: சமையலறைத் தொட்டிக் குழாய் சில மாதங்களுக்கு ஒருமுறை அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் ஆள் வந்து கம்பி விட்டுச் சரிசெய்கிறார். இப்படியே காலம் தள்ளுவதா, குழாயை மாற்றிவிடுவதா?

பதில்: இரண்டுக்கும் நடுவே ஒரு படி இருக்கிறது. கம்பி விடுவது அடைப்பின் நடுவே ஒரு துளை போடுகிறது, தண்ணீர் இறங்குகிறது, வேலை முடிந்ததாகத் தோன்றுகிறது. ஆனால் குழாயின் உட்சுவரில் படிந்த கொழுப்பு அப்படியே இருக்கிறது. சூடாக இறங்கும் எண்ணெய்ப் பசை குழாயில் குளிர்ந்து உறைகிறது. சோப்பும் உணவுத் துகளும் அதில் ஒட்டிக்கொண்டு நாளடைவில் மெழுகுபோல் கெட்டியாகின்றன. கம்பி போட்ட சிறு துளை அடைபடுவதற்கு அதிக நாள் தேவையில்லை. உயர் அழுத்த நீர்ப்பாய்ச்சி என்னும் ஜெட்டிங் முறை, பின்னோக்கிப் பாயும் தாரைகளால் உட்சுவரையே சுரண்டிக் கழுவுகிறது. ஒருமுறைக்கான கூலி கம்பி விடுவதைவிடக் கூடுதல்தான். ஆனால் அடைப்புக்குக் காரணம் கொழுப்பு மட்டுமே என்றால், அதன் பலன் நெடுநாள் நிற்கும். ஏற்கெனவே விரிசல் விட்ட பழைய குழாயில் அதிக அழுத்தம் கொடுத்தால் விரிசல் பெரிதாகலாம் என்பதால், குழாயின் வயதையும் வகையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஜெட்டிங் செய்தும் அதே இடத்தில் மீண்டும் அடைத்தால், குற்றம் கொழுப்பில் இல்லை, குழாய் சாய்ந்து செல்லும் வாட்டத்தில் இருக்கிறது. நான்கு அங்குலக் குழாய்க்கு மீட்டருக்கு 2.5 சென்டிமீட்டர், அதாவது நாற்பதுக்கு ஒன்று என்ற வாட்டம் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. கீழே உள்ள மண் சரியாக இறுக்கப்படாமல் குழாயின் நடுப்பகுதி தொய்ந்துபோனால், அந்தத் தொய்வில் தண்ணீர் எப்போதும் நின்று, கழிவு அங்கேயே படியும். தொய்வை எந்தக் கம்பியும் ஜெட்டும் சரிசெய்யாது. அந்தப் பகுதியைத் தோண்டி, அடியில் மணலோ பொடிச்சல்லியோ இட்டு இறுக்கி, வாட்டம் பார்த்துப் போட்டால்தான் தீரும். மாற்றுவதற்கான செலவு எத்தனை முறை அடைப்பெடுக்கும் கூலிக்குச் சமம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அடைப்பு வருவது உறுதி என்ற நிலையில், அந்தக் கணக்கு பலருக்கும் சில ஆண்டுகளிலேயே நேராகிவிடுகிறது.

மாற்றும்போது, திருப்பம் உள்ள இடத்தில் திறந்து மூடக்கூடிய மூடியுடன் கூடிய பெண்டு (வளைவுத் துண்டு) ஒன்றைப் போடச் சொல்லுங்கள். சாதாரணப் பெண்டுக்கும் இதற்கும் விலையில் அதிக வேறுபாடு இல்லை. பின்னாளில் அடைப்பு வந்தால் உடைக்காமலே உள்ளே செல்ல வழி இருக்கும்.

கேள்வி: கடையில் விற்கும் அடைப்பு நீக்கும் தூளையும் ஆசிட்டையும் ஊற்றினால் பிளம்பர் செலவு மிச்சமாகாதா?

பதில்: தொட்டிக்கு அருகில் இருக்கும் சிறு அடைப்பு சில நேரம் கரையலாம். முழுதாக அடைத்துத் தண்ணீர் நிற்கும் குழாயில் ஊற்றினால், மருந்து அடைப்பின்மேல் தேங்கி நிற்குமே தவிர வேலை செய்யாது. அதன் பிறகு வரும் பிளம்பர் அந்தக் காரத்துக்குள்தான் கையை விட வேண்டும். ஏதேனும் ஊற்றியிருந்தால் அதை அவரிடம் முதலிலேயே சொல்வது உங்கள் கடமை. காஸ்டிக் சோடா கலந்த தூள் தண்ணீரில் கடுமையாகச் சூடேறும். அதன்மேல் ஆசிட்டை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். மூடிய குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து. ரப்பர் உறிஞ்சியும், சிங்க்கின் அடியில் உள்ள ட்ராப்பை (தண்ணீர் தேங்கி நின்று நாற்றத்தைத் தடுக்கும் வளைவுக் குழாயை) கழற்றிக் கழுவுவதும் இவற்றைவிட மலிவானவை.

கேள்வி: குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பழுதே இன்னும் பார்க்கவில்லை, பார்ப்பதற்கே தனிக் கட்டணமா என்று தோன்றுகிறது. இது அவசியம்தானா?

பதில்: எல்லா அடைப்புக்கும் அவசியமில்லை. முதல்முறை அடைத்த குழாய்க்குக் கேமரா கேட்டால் மறுத்துவிடலாம். ஆனால் தரையையோ வாகனம் நிறுத்தும் கான்கிரீட் தளத்தையோ உடைக்கப் போகிறீர்கள் என்றால், அதற்குமுன் கேமராவுக்குச் செலவிடும் பணம் வீணாகாது. பழுது எந்த இடத்தில் என்று தெரியாமல் தோண்டுபவர் நீளமாகத் தோண்டுவார். நீளத்துக்கு ஏற்ப உடைப்பும் பூச்சும் நீளும். பழைய வீட்டை வாங்கும் முன்பும், அதே இடத்தில் மறுபடி மறுபடி அடைக்கும்போதும் இதையே சொல்வேன்.

கட்டணத்துக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். குழாயை முதலில் கழுவியிருக்க வேண்டும். சேறும் தண்ணீரும் நிறைந்த குழாயில் கேமரா எதையும் காட்டாது. பதிவில், நுழைவிடத்திலிருந்து எத்தனையாவது மீட்டரில் கேமரா இருக்கிறது என்ற அளவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கேமராவின் தலையில் உள்ள சிறு ஒலிபரப்பியை மேலிருந்து ஒரு கருவியால் கண்டறிந்து, தரையில் அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, ஆழத்தையும் சொல்ல முடியும்; இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அமர்த்துங்கள். பதிவின் நகல் உங்களிடம் இருக்கட்டும். அதைக் காட்டி வேறொருவரிடம் விலை கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேமரா வைத்திருப்பவரே பழுதுபார்ப்பவராகவும் இருந்தால், பெரிய வேலையைப் பரிந்துரைப்பதில் அவருக்கு ஆதாயம் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

கேமரா கிடைக்காத இடங்களில் பழைய முறைகள் இன்றும் கைகொடுக்கும். குழாயின் கீழ்முனையை அடைத்துத் தண்ணீரை நிரப்பி, மட்டம் இறங்குகிறதா என்று சிறிது நேரம் கவனித்தால் கசிவு இருப்பது தெரிந்துவிடும். எந்தக் குழாய் எந்தச் சேம்பரில் போய்ச் சேருகிறது என்ற குழப்பம் இருந்தால், நிறப்பொடி கலந்த நீரை ஒவ்வொன்றாக ஊற்றிப் பார்க்கலாம்.

கேள்வி: வீட்டைச் சுற்றி மரங்கள் உள்ளன. பழைய சுட்ட மண் குழாயில் வேர் புகுந்துவிட்டது. வேரை வெட்டுவது, குழாயை மாற்றுவது, தோண்டாமல் உள்ளுறை போடுவது என மூன்று வழிகள் சொல்கிறார்கள். செலவு ஏறிக்கொண்டே போகிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: வேர் நல்ல குழாயைத் துளைத்துக்கொண்டு நுழைவதில்லை. கசியும் இணைப்பிலிருந்து வரும் ஈரத்தை நாடி, மயிரிழை அளவு விரிசலில் நுழைந்து, உள்ளே தடித்து வளர்கிறது. சுட்ட மண் குழாய்கள் குட்டை நீளத்தில் வருபவை என்பதால் இணைப்புகள் அதிகம். பழைய சிமெண்ட் இணைப்புகள் வளைந்து கொடுக்காமல் வெடிப்பவை. ஆகவே வேரை வெட்டினால் அது மீண்டும் வளரும், பெரும்பாலும் முன்பைவிடக் கிளைத்து. வெட்டும் கூலி மூன்றிலும் குறைவு. அதை ஒரு தவணையாக நினைத்துக்கொண்டு செய்தால் தவறில்லை.

உள்ளுறை முறை 1971ஆம் ஆண்டு இலண்டனில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. பிசினில் ஊறவைத்த துணிக்குழலைப் பழைய குழாய்க்குள் செலுத்தி, காற்றாலோ நீராலோ உப்பவைத்து, சுடுநீர், நீராவி அல்லது புறஊதா ஒளியால் இறுகச் செய்கிறார்கள். இணைப்பே இல்லாத புதுக் குழாய் ஒன்று பழைய குழாய்க்குள் உருவாகிவிடுகிறது. மீட்டர் கணக்கில் பார்த்தால், திறந்த மண்ணில் தோண்டிப் புதுக்குழாய் போடுவதைவிட இதற்கு விலை அதிகமாகவே இருக்கும். ஆனால் குழாயின்மேல் சுவரோ, நடைபாதையோ, பெரிய மரமோ இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும், ஏனென்றால் உடைத்து மீட்கும் செலவு முழுவதும் தவிர்க்கப்படுகிறது.

இதன் எல்லைகளையும் விற்பவர் சொல்ல வேண்டும், பல நேரம் சொல்வதில்லை. உள்ளுறை பழைய குழாயின் வடிவத்தையே பின்பற்றும். தொய்வு இருந்தால் உள்ளுறையும் தொய்வாகவே இறுகும். நசுங்கி விழுந்த பகுதி வழியாகக் குழலைச் செலுத்த முடியாது. உட்புற விட்டம் சில மில்லிமீட்டர் குறையும். பக்கக் கிளைக்குழாய்கள் சேரும் வாய்கள் மூடிக்கொள்வதால், அவற்றை உள்ளிருந்தே வெட்டித் திறக்க வேண்டும். அந்தக் கட்டணம் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் குழாய் தோட்டத்தின் திறந்த பகுதியில், ஆழமில்லாமல் ஓடுகிறதென்றால், நான் தோண்டி மாற்றுவதையே தேர்ந்தெடுப்பேன். பிவிசி குழாய் நீளத் துண்டுகளாக வருவதால் இணைப்புகள் குறைவு, வேருக்கு இடமும் குறைவு. மரத்தை வெட்டும் யோசனையை மட்டும் கைவிடுங்கள். களிமண் நிலத்தில் பெரிய மரத்தை அகற்றினால், அது உறிஞ்சிக்கொண்டிருந்த ஈரம் மண்ணிலேயே தங்கி, மண் உப்பி, அஸ்திவாரத்தையே அசைக்கக்கூடும்.

கேள்வி: வேலை பாதியில் இருக்கும்போது, "அடுத்த பகுதியும் உடைந்திருக்கிறது, கூடுதல் ஆகும்" என்கிறார். தோண்டிய பள்ளத்தை வைத்துக்கொண்டு மறுக்கவும் முடியவில்லை. இதை முன்பே தடுக்க வழி உண்டா?

பதில்: மண்ணுக்குள் இருப்பதைத் திறந்து பார்த்தபின்தான் தெரியும் என்பதால், கூடுதல் வேலை வருவதை முற்றாகத் தடுக்க முடியாது. அதற்கான விலையை முன்பே தீர்மானிக்கலாம். ஒப்பந்தத் தொகையுடன், கூடுதலாக ஒரு மீட்டர் மாற்ற நேர்ந்தால் எவ்வளவு, மண்ணுக்கு எவ்வளவு, கான்கிரீட்டுக்கு எவ்வளவு என்ற வீதத்தைத் தொடக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பள்ளம் திறந்திருக்கும்போது பேசும் விலையும், அதற்குமுன் பேசும் விலையும் ஒன்றாக இருப்பதில்லை. உடைந்ததாகச் சொல்லும் பகுதியை நேரில் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு சம்மதியுங்கள்.

முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். பொருள் வாங்க ஒரு பகுதி, குழாய் பொருத்தியபின் ஒரு பகுதி, தரை மூடி முடித்தபின் மீதி என்று பிரிப்பது இருதரப்புக்கும் நியாயமானது. பள்ளத்தை மூடும் முன் தண்ணீர் நிரப்பிச் சோதனை செய்யச் சொல்வதும், ரசமட்டத்தை வைத்து வாட்டத்தைக் காட்டச் சொல்வதும் உங்கள் உரிமை. இதற்குக் கூடுதல் கட்டணம் கேட்பது முறையாகாது. மூடுவதற்குமுன் சுவரிலிருந்து குழாய் எத்தனை தூரத்தில், எவ்வளவு ஆழத்தில் செல்கிறது என்று அளந்து, ஒரு தாளில் வரைந்து வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். அடுத்த பழுதின்போது தேடும் செலவு உங்களுக்கு இருக்காது.

கேள்வி: எங்கள் குழாயும் பக்கத்து வீட்டுக் குழாயும் ஒரே லைனில் சேர்கின்றன. பழுதுச் செலவு யாருடையது? காப்பீடு தருமா?

பதில்: விதிகள் இடத்துக்கு இடம் மாறுவதால், உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்பதே முதல் வேலை. எல்லை எதுவரை உங்களுடையது, எங்கிருந்து பொதுக் குழாய் தொடங்குகிறது என்ற பதிவு அங்கே இருக்கக்கூடும். பழுது பொதுப் பகுதியில் இருந்தால் நீங்கள் செலவழிக்கவே தேவையிருக்காது. ஆகவே தோண்டும் முன் கேளுங்கள். பங்கிடும் நிலை வந்தால், பழுது நேர்ந்த இடத்தை வழியாகப் பயன்படுத்துபவர்கள் மட்டும் பங்கிடுவது நியாயமான அடிப்படை. காப்பீட்டைப் பொறுத்தவரை, திடீர் சேதத்துக்கும் நாளடைவில் ஏற்படும் தேய்மானத்துக்கும் இடையே பெரும்பாலான பத்திரங்கள் கோடு கிழிக்கின்றன. வேரும் துருவும் பெரும்பாலும் இரண்டாவது பக்கத்தில் வைக்கப்படும். உடைப்பதற்குமுன் எடுத்த படமும் கேமரா பதிவும் இல்லாமல் கோரிக்கை எழுதினால் நிற்காது.

கேள்வி: அடைப்பு எதுவும் இல்லை, தண்ணீர் நன்றாகப் போகிறது. ஆனால் விருந்தினர் அறைக் குளியலறையில் மட்டும் துர்நாற்றம். குழாய் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு பைசாவும் செலவழிக்காதீர்கள். புழங்காத குளியலறையில் தரை ட்ராப்பில் நிற்க வேண்டிய ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தண்ணீர் ஆவியாகிவிடும். குழாயின் காற்று அறைக்குள் வரத் தடை ஏதும் இராது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு இரண்டு நாள் பாருங்கள். நாற்றம் நின்றுவிட்டால் வாரம் ஒருமுறை ஊற்றினால் போதும். நிற்காவிட்டால், வேறிடத்தில் தண்ணீரைத் திறக்கும்போது அந்த ட்ராப்பில் "களக் களக்" என்ற ஒலி வருகிறதா என்று கேளுங்கள். வந்தால், மொட்டை மாடியில் முடியும் காற்றுப் போக்கிக் குழாயின் வாயில் பறவைக் கூடோ சருகோ அடைத்திருக்க வாய்ப்புண்டு; அதை எடுத்துவிட்டு வலை கட்டும் கூலியோடு வேலை முடிந்துவிடும். எதுவாக இருந்தாலும், நாற்றத்தின் மூலத்தைத் தேடிச் சேம்பருக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அளவு மீறும்போது மூக்கின் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் திரும்பி ஏற முடியாது. அந்த வேலையை மேலிருந்தே இயந்திரத்தால் செய்பவரை அழையுங்கள், அவர் கேட்கும் கூடுதல் தொகையைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.